கறுப்பாட்டை ஏமாத்தின துணி

என்னங்க,

இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கோழி விஷயத்துல கவலை இல்லை. வாங்கிட்டு வந்த குஞ்சுகளை இருட்டினதும் அடைக்கோழிகிட்ட தள்ளிவிட்டேன். ஒரு கேள்வி கேட்காம எல்லாத்தையும் இறக்கைக்குள்ள சேர்த்துக்கிச்சு. ஆடு அப்படி இல்லை. வெள்ளை ஆடு குட்டியைப் போட்டுட்டுச் செத்துப்போச்சு. கறுப்பாட்டுக்குக் குட்டி செத்தே பிறந்துச்சு. சரி, இதை அதுகிட்ட விடலாம்னா முட்டித் தள்ளுது.

பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னாங்க. செத்த குட்டியைத் துடைச்ச துணியை இந்தக் குட்டி முதுகுல கட்டினோம். கறுப்பாடு மோந்து பாத்துச்சு. பேசாம பால் குடிக்க விட்டுடுச்சு.

உங்க பொண்ணு வேலியைப் பிடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் பாத்தா. சாப்பாட்டை இன்னும் என் கையால வாங்கறதில்லை, அவளேதான் போட்டுக்கறா, அதுவும் கொறிக்கற அளவுக்கு. இதை முன்னாடியே எழுதியிருக்கலாம்.

மத்தியானம் பீரோவைத் திறந்து, அவங்கம்மா கடைசியா போட்டிருந்த ஸ்வெட்டரை எடுத்துட்டு வந்தா. இறந்தவங்க வாசம் போயிடும்னு நீங்க துவைக்கவே விடாத அதே ஸ்வெட்டர். என் மடியில வெச்சு, "போட்டுக்கோங்க"ன்னா.

அந்த வெயில்ல போட்டுக்கிட்டேன். பக்கத்துல வந்து கைப்பக்கம் மோந்து பாத்தா. அப்புறம் தட்டை நீட்டினா. ரெண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

குட்டி மேல கட்டின துணியை ரெண்டு மூணு நாள்ல அவிழ்த்துடலாமாம், அதுக்குள்ள பழகிடுமாம். ஸ்வெட்டரை எப்போ கழட்டறதுன்னு நான் யாரைக் கேட்கறது?

உங்க வீட்டுல இருக்கறவ