பூட்சு நுனியில் ஒரு வெட்டு

குவில்லன் ஓடை, கெண்டக்கி
18 அக்டோபர் 1986

அண்ணன் டெல்மருக்கு,

நீ பொய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். நம் வீட்டுக்குப் பின்னால் நிலக்கரி வெட்டி முடித்த மலையில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பங்கு புல் பிடித்துவிட்டதாம். நீதிமன்ற வாசல் பலகையில் ஆய்வு அறிக்கையை ஒட்டியிருக்கிறார்கள். கீழே அரசு ஆய்வாளர் என்று உன் பெயர். அங்கே புல் இல்லை, அண்ணா. நொறுங்கின கல்லும் சேறும்தான்.

மலையைச் சீராக்கித் தருவோம் என்று கம்பெனி அரசிடம் கட்டிய பிணைத்தொகை அடுத்த மாதம் அவர்கள் கைக்குத் திரும்பப் போகிறது. அதன்பிறகு சரிவு இறங்கினால் தடுப்புச் சுவர் எழுப்ப ஒருவனும் வரமாட்டான். அதற்கு நேர் கீழே அம்மாவின் கல்லறை. கல்லறைக்குக் கீழே நாங்கள்.

அப்பாவிடம் சொன்னேன். இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: "அவன் கீழ எறங்குனானா, இல்ல வண்டிக்குள்ளயே உக்காந்து எண்ணுனானா?"

உலர்த்திய ஆப்பிள் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன். ரூத்துக்கு.

உன் தங்கை
நெட்டி


24 அக்டோபர் 1986

அன்புள்ள நெட்டி,

ஆப்பிள் வந்தது. ரூத் பாதியை வெறும் வாயிலேயே தின்றுவிட்டாள். ஏழாம் மாதம், யார் கேட்பது?

வண்டிக்குள் உட்கார்ந்து நான் எண்ணவில்லை. என் பூட்சு நுனியில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டிருக்கிறேன். நூறு தப்படி நடப்போம். ஒவ்வொரு தப்படியிலும் அந்த வெட்டுக்கு நேர் கீழே இருப்பதை எழுதுவோம்: செடியா, கல்லா, வெறும் மண்ணா. நடந்தேன். தொண்ணூற்றொன்று வந்தது. சட்டம் கேட்டதைச் செய்தேன் என்று அப்பாவிடம் சொல். ஊர்ப் பேச்சைக் கேட்டு என்னைத் திட்டாதே.

அன்புடன்
டெல்மர்


2 நவம்பர் 1986

அண்ணா,

நீ எண்ணியது சாயம்.

நீ எண்ண வந்த வாரம் செவ்வாய்க்கிழமை விதையும் மரக்கூழும் பச்சைச் சாயமும் கலந்து மலை முழுக்கப் பீய்ச்சினார்கள். வியாழக்கிழமை நீ வந்தாய். அடுத்த மழையிலேயே சாயம் கழுவிக்கொண்டு போய்விட்டது. பீய்ச்சும் லாரி ஓட்டுகிற ஹோபர்ட் சர்ச் விருந்தில் சொன்னான்: "ஒங்கண்ணன் பெயின்ட்ட எண்ணிட்டுப் போனாரு நெட்டி! குனிஞ்சு குனிஞ்சு பாத்து எழுதுறாரு. சிரிப்ப அடக்க முடியாம நாங்க லாரிக்குப் பின்னால போயி நின்னுக்கிட்டோம்." மேசை முழுக்கச் சிரித்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

பிணைத்தொகையைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று இருபதாம் தேதி விசாரணைக் கூட்டம். ஏமாந்தது குற்றமில்லை. ஏமாந்தேன் என்று ஒரு வரி எழுதிக் கொடு. போதும்.

நெட்டி


11 நவம்பர் 1986

நெட்டி,

நான் ஏமாறவில்லை.

பத்தாவது தப்படியிலேயே தொட்டுப் பார்த்தேன். விரலில் பச்சை ஒட்டியது. மேலதிகாரி பக்கத்தில் நின்றார். "வசந்தத்துல மொளைச்சிரும் டெல்மர், எழுதுப்பா" என்றார். எழுதினேன். இந்த வேலை போனால் ரூத்தின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக் காப்பீடும் போய்விடும். நான் எழுதாவிட்டால் இன்னொருவன் எழுதியிருப்பான். கூட்டத்தில் என் பெயரை எடுக்காதே. இந்தக் கடிதத்தைக் கொளுத்திவிடு.

டெல்மர்


26 மே 1987

அண்ணா,

கொளுத்தவில்லை. கூட்டத்துக்குக் கைப்பையில் வைத்து எடுத்துப் போனேன். "ஆட்சேபம் உண்டா?" என்று இரண்டு முறை கேட்டார்கள். ரூத்தின் வயிற்றை நினைத்து வாயைத் திறக்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது.

பத்தாம் தேதி மழையில் மலை இறங்கியது. நம் தோட்டத்து வேலியோடு நின்றது. கல்லறை மேட்டைக் காணோம். கம்பெனி, கணக்கு முடிந்தது என்கிறது. உன் அலுவலகமும் அதையே சொல்கிறது.

முந்தாநாள் கல்லறை அலங்கரிக்கும் ஞாயிறு. வருஷா வருஷம் வருவதுபோலவே எல்லாரும் மண்வெட்டியும் காகிதப் பூவுமாக வந்தார்கள். சேற்றுக்கு முன்னால் நின்று எஃபி அத்தை கேட்டாள்: "எங்கடி வைக்க? ஒங்கம்மா தலைமாடு எந்தப் பக்கம்?" யாருக்கும் தெரியவில்லை. அப்பா பூவை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தார். இன்னும் மடியில்தான் வைத்திருக்கிறார்.

குழந்தைக்கு அம்மாவின் பெயரை வைத்திருப்பதாக ரூத் எழுதியிருந்தாள்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று வேலிக் கம்பத்திலிருந்து கல்லறை வரை தப்படி எண்ணிக்கொண்டே நடந்தாய். வேலைக்குச் சேர்ந்த புதிது. எதைப் பார்த்தாலும் எண்ணுவாய். கம்பம் இன்னும் நிற்கிறது. அதே பூட்சைப் போட்டுக்கொண்டு வா. கம்பத்திலிருந்து நட. நின்று, அந்த வெட்டுக்கு நேர் கீழே இருப்பது யார் என்று அப்பாவிடம் நீயே சொல்.

நெட்டி


12 ஜூலை 1987

டெல்மர்,

நீ வர வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் எழுது.

எத்தனை தப்படி?

நெட்டி