அண்ணனிடம் கேட்ட கேள்வி

மைக் பெட்டியை இன்று காலை திறந்தேன். கிராம்பு வாசனை இன்னும் போகவில்லை. பேச உட்காரும் முன் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வாயே, அதுதான். நீ போய் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது.

செஞ்சி கேபிள் டிவியில் முதலில் நீ வாசித்ததெல்லாம் காதுகுத்து வாழ்த்தும் காணாமல் போன மாட்டின் அடையாளமும்தான். ஒருநாள் செய்தி முடிந்ததும், "எங்க ரோட்ல தெருவிளக்கு எரியறதே இல்ல. யாரைக் கேக்கணும்?" என்று நீயாகவே சேர்த்துவிட்டாய். முதலாளி பதறினார்.

"நியூஸ் படின்னா இன்னாம்மா கேள்வி கேக்குற?"

"அதுவும் நியூஸ்தாண்ணே."

சில வாரங்களில் உன்னை நிறுத்திவிட்டார். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த என்னைத் தேடி வந்தாய். என் கேமராவை ராஜகிரிக் கோட்டை மலையடிவாரத்தில் வைத்து யூடியூப் சேனல் தொடங்கினோம். கட்சி பார்க்காமல் பேசினாய். எல்லாக் கட்சிக்காரர்களும் திட்டினார்கள். "அப்ப சரியாத்தான்டி போறோம்" என்று சிரித்தாய்.

உன் அண்ணன் ஊராட்சித் தலைவரானபோதுதான் எனக்குப் பயம் வந்தது. பேட்டிக்கு அவரை அழைத்தாய். அது நேரலையில் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, நம்ம தெருவுக்குத் தண்ணி வருது. காலனிக்கு ஏன் வரல?"

அவர் முகம் சிவந்தது. "நைனா இருந்திருந்தா நாலு பேர் பாக்க இப்டி கேப்பியா?"

"நைனா இருந்திருந்தா அவரே கேட்டிருப்பாரு."

மைக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தப் பொங்கலுக்கு உனக்குத் தாய்வீட்டு வரிசை வரவில்லை. என் வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "அவன் கெட்டவன் இல்லடி. இதுவரைக்கும் யாரும் கேக்கல, அதான்" என்றாய்.

கோடையில் காலனிக்குக் குழாய் போட மண் தோண்டினார்கள். அண்ணனே உனக்குப் போன் செய்தார்: "வந்து படம் புடிச்சிப் போடு." தண்ணீர் வந்த அன்று, "தலைவர் செஞ்சாரு. லேட்டா செஞ்சாரு" என்று பேசி முடித்தாய். பக்கத்தில் நின்றிருந்த அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று இரவு அவர் வீட்டில்தான் உனக்குச் சாப்பாடு.

பிறகு ஒரு விடியற்காலையில் உன் இதயம் நின்றுபோனது. கருமாதி முடிந்து எல்லோரும் கிளம்பியபோது அண்ணன் என்னிடம் வந்தார். "சேனல நிறுத்திடாதம்மா. என்னைக் கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணும்."

கேமராவுக்குப் பின்னால் நின்றே பழகியவள் நான். நாளை முன்னால் உட்காரப்போகிறேன். முதல் பேட்டியே அவரோடுதான். பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர் ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்கவேண்டும். உன் வேகம் எனக்கு வராது, குரல்கூட நடுங்கலாம். ஆனாலும் கேட்பேன். பாசம் வைத்த மனிதரிடம் உள்ளதை முகத்துக்கு நேரே கேட்கலாம், கேட்ட பிறகும் உறவு பிழைக்கும். உன் பக்கத்தில் நின்று நான் கண்ணால் பார்த்தது அது.