கம்ப்யூட்டர் சிந்திய கையசைப்பு

காஜா பெராங்,
மலாக்கா.

டப்ளின் குளிரில் இருக்கும் மருமகள் கமலவேணிக்கு, தகப்பன் இடத்தில் இருந்து உன்னை வளர்த்த மாமன் ஆசி சொல்லி எழுதுவது. நானும் உன் அத்தை பூங்காவனமும் உடம்பளவில் சுகம். நீ அங்கே சளி, இருமல் இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறோம். ஈரேழு உலகத்திலும் ஒருவரும் நம்பாத கதை ஒன்றை இப்போது சொல்லப்போகிறேன் என்று சூடத்தின்மேல் சத்தியம் செய்து தொடங்குகிறேன்.

உன் அம்மா காரியம் முடிந்ததிலிருந்து போனில் நீ கேட்பது ஒன்றுதான். நீ புறப்பட்ட அன்று கோபத்தில் அடுப்படியை விட்டு வராத உன் அம்மா, என் அக்கா, கார் நகர்ந்த பிறகு வாசலுக்கு வந்து கையசைத்தாள் என்றேன். நீங்கள் எலியை யானை என்கிற ஆள் மாமா, உங்கள் வாயை நம்பமாட்டேன், அன்று எடுத்த வீடியோவை அனுப்புங்கள் என்றாய். நியாயம்தான், செமாபோக்கில் முதலையைச் செருப்பால் அடித்தேன் என்று சொல்லியே உனக்குச் சோறூட்டியவன் நான். அலமாரியைத் திறந்தால் அந்த வீடியோ கேசட்டுக்குள் பூசணம், தாடி வளர்த்த சாமியார் மாதிரி. தெங்கேராவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் தியாகுவிடம் காட்டினேன். அங்கிள், இது ஒரு தடவை ஓடினாலே அதிசயம், அந்த ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள் என்றான். கேசட்டைப் போட்ட கேமரா நிறுத்தாமல் படத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் வேறு வேலை பார்த்தால் விழுங்க முடியாமல் படங்களைச் சிந்திவிடும், சிந்தினது சிந்தினதுதான் என்றும் சொன்னான்.

நானா விடுவேன்? படம் இறங்கக் காலியான டிஸ்க் ஒன்றைத் தனியாக மாட்டினேன். இண்டர்நெட் வரும் போன் வயரைப் பிடுங்கினேன். வைரஸ் பிடிக்கும் காவல்காரனைத் தூங்கவைத்தேன், ஸ்கிரீன்சேவர் மீன்களை நாடு கடத்தினேன். மௌஸ் அசையக்கூடாதென்று மூச்சைக்கூட அடுத்த ஊரான செங் வரை போய் விட்டுவிட்டு வந்தேன். பிறகுதான் பட்டனை அமுக்கினேன். ஆனால் இறந்தவர் முகம் பார்க்கும்போது விளக்கும் தேவாரமும் இல்லாமல் உன் அத்தைக்கு ஆகாதே. நான் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் விளக்கை ஏற்றினாள், தினமும் போடுகிற பழக்கத்தில் தேவார சிடியை அதே கம்ப்யூட்டருக்குள் தள்ளிவிட்டாள். வேறு பாட்டுப்பெட்டி நம் வீட்டில் ஏது? எருமை மந்தை போல உறுமியது பெட்டி. படம் நின்று நின்று குதித்தது. நான் பாய்ந்து நிறுத்துவதற்குள் கேமரா நாடாவைச் சேமியா மாதிரி மென்றுவிட்டது. கடைக்கு எடுத்துப் போனால், இனி ஒட்டினாலும் ஓடாது அங்கிள் என்று தியாகு தலையைக் குனிந்துகொண்டான்.

இத்துடன் வரும் சிடியில் மிஞ்சியது இவ்வளவுதான். கார் போகிறது, அக்கா வாசலில் நிற்கிறாள், கை முந்தானையைப் பிடித்திருக்கிறது. ஒரு குதி. அடுத்து வாசல் காலி. இதைத் தனியாக உட்கார்ந்து பார்க்காதே அம்மா, பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள். அத்தையிடம் எதுவும் கேட்காதே, அன்றிலிருந்து அவள் பாட்டே போடுவதில்லை, சோறும் சரியாக இறங்கவில்லை.

நீ நூறாண்டு நிறைவாக வாழவேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். நான் ஆயுசு முழுக்க அளந்ததையெல்லாம் குப்பையில் போடு, ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். கார் முனை திரும்பும்போது அக்கா முந்தானையை விட்டுக் கையை உயர்த்தினாள். நீ மறைந்த பிறகும் அவள் கையை இறக்கவில்லை. கேமராவைப் பிடித்திருந்தவன் நான், பார்த்தேன்.

இப்படிக்கு,
உன் மாமன்
கலியாணசுந்தரம்