பொத்தானுக்குப் பார்த்த வீடு

சிட்டுவின் அம்மாவுக்கு,

உன் நாத்தனார் எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. கேட்டால் நீ நலம் என்று சொல்லிவிடுவாய், அதனால் கேட்கவில்லை. இங்கே என் வீட்டுக்காரருக்கு முதுகு வலி, பேசிப் பேசி எனக்கு வாய் வலி என்று அவர் சொல்கிறார். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல், நீ வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். போனில் சொன்னால் என் தம்பி பக்கத்தில் இருப்பான், நீ 'ம்' கொட்டிவிட்டு வைத்துவிடுவாய். உன் போனை அவன் தினமும் வாங்கிப் பார்ப்பதாகச் சிட்டு பேச்சுவாக்கில் சொன்னாள், அதனால் அதிலும் எழுத முடியாது. மதியம் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

காலையிலிருந்து எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். துணியை ஊற வைத்துவிட்டு அலச மறந்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. பொத்தான் என் காலைச் சுற்றியே வருகிறது. நான் எழுந்தால் எழுகிறது, உட்கார்ந்தால் உட்காருகிறது. "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல ஊசி போடணும்?" என்று இவர் கேலி செய்கிறார். சிரிப்பு வரவில்லை.

பொத்தானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் நாய்க் காப்பகத்துக்கு வந்த புதிதில் எங்கள் டாக்டரம்மாவின் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கடித்து விழுங்கியதால் அதற்கு அந்தப் பெயர் என்று உனக்கே தெரியும். இப்போது கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது, பெரும்பாலும் செருப்போடு நிறுத்திக்கொள்கிறது. சரியான வீடு கிடைக்கும்வரை எங்களோடு இருக்கட்டும் என்று கூட்டி வந்தேன். இதற்கு வீடு பார்ப்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஒருவர் நிறம் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் தேவலை என்றார். ஒரு அம்மா முடி கொட்டாத நாய் இருக்கிறதா என்று கேட்டாள். சொட்டை நாயாகப் பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் உங்கள் வீட்டிலிருந்து போன் வந்தது, சிட்டு நாய் வேண்டும் என்று அழுகிறாள் என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் வீட்டுக்கே போகட்டும், நினைத்தபோது பார்க்கலாம் என்று சந்தோஷப்பட்டேன். நாயைக் கொடுப்பதற்கு முன் ஆள் போய் வீட்டைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் காப்பகத்தில் கட்டாயம். உங்கள் ஊருக்குப் போக வேறு ஆள் இல்லை, நானே போகிறேன் என்றேன். டாக்டரம்மா யோசித்தாள். "சொந்தக்காரங்க வீட்டுக்கு நீங்களே போனா கண்ணு மறைக்கும்க்கா" என்றாள். எனக்கா மறைக்கும் என்று வீறாப்பாகப் பேசிவிட்டு வந்தேன்.

உன் வீட்டுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறேன். நாத்தனாராக வந்தால் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்து டீ கொடுப்பீர்கள், குடித்துவிட்டு வந்துவிடுவேன். இந்தத் தடவை பொத்தானையும் கூட்டிக்கொண்டு நாயின் ஆளாக வந்தேன். அறை அறையாகப் போக வேண்டும், ஒவ்வொரு கதவையும் சாத்தித் திறந்து பார்க்க வேண்டும், அது என் வேலை. உன் படுக்கையறைக் கதவின் உள்பக்கத் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஓட்டைதான் இருந்தது, மரம் பிய்ந்திருந்தது. குளியலறைக் கதவின் கீழ்ப்பலகை பிளந்திருந்தது. மழையில் ஊறி அப்படி ஆகிவிட்டது என்றாய். நானும் தலையாட்டினேன். மழையில் ஊறிய பலகை உப்பும். வெளியிலிருந்து உள்பக்கமாகப் பிளக்காது.

பிறகு சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாய். "சரின்னு எழுதிடுங்க அண்ணி. வீட்ல ஒரு நாய் இருந்தா அவரு கொஞ்சம் சாந்தமா இருப்பாரு." சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பி, கழுவின தட்டையே எடுத்துக் கழுவ ஆரம்பித்தாய். அந்த வார்த்தை அன்றிலிருந்து என்னை உட்கார விடவில்லை. காப்பகத்துக்குத் திரும்பி வரும் நாய்கள் பல இப்படிப்பட்ட வேலைக்குக் கூட்டிப் போகப்பட்டவைதான். முறைத்துக்கொண்டு திரியும் இரண்டு பேரைச் சேர்த்து வைக்க, குடிக்கிறவனைக் குடிக்காமல் இருக்க வைக்க. ஒரு நாய்க்கு வேண்டியது சாப்பாடும், படுக்க ஒரு மூலையும், பயமில்லாமல் நடமாட ஒரு வீடும். அதன் தலையில் ஒரு குடும்பத்தைத் தூக்கி வைத்தால் எப்படித் தாங்கும்? இத்தனை வருஷமாக உன்னாலேயே முடியவில்லையே.

இனி எழுதப்போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஏற்கெனவே நாய் இருக்கிற வீட்டுக்குப் போனால் நாங்கள் கவனிப்பது ஒன்று உண்டு. வெளியே போயிருந்த ஆள் வீட்டுக்குள் வரும்போது அந்த நாய் என்ன செய்கிறது? வாலை ஆட்டிக்கொண்டு ஓடினால் பாதிக் கவலை விட்டது. கட்டிலுக்கு அடியில் போனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. உன் வீட்டில் நாய் கிடையாது. பழக்கதோஷத்தில் நான் உங்களைப் பார்த்துவிட்டேன்.

கேட் சத்தம் கேட்டதும் பொத்தான் புது ஆள் வருகிற குஷியில் வாசலுக்குப் பாய்ந்தது. நீ டிவியை நிறுத்தினாய். சிட்டு கலர் பென்சில்களை வாரி டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நீ துடைத்து வைத்திருந்த மேசையை மறுபடியும் துடைத்தாய். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, முகத்தைக்கூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

உள்ளே வந்தவனோ வெகு பிரியமாக இருந்தான். சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து பொத்தானை மடியில் போட்டுக்கொண்டான். அது அவன் சட்டைப் பொத்தானைக் கடித்தபோது விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு நாய் பிடிக்கும், அது நடிப்பில்லை. நாய் எதையாவது கடித்து நாசம் பண்ணினால் என்ன செய்வீர்கள் என்று எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "நாய்னா கடிக்கத்தானே செய்யும், அதுக்கென்னக்கா" என்றான். உள்ளேயிருந்து வந்த சிட்டு, நல்ல பேர் வாங்குகிற ஆசையில் முந்திக்கொண்டு சொன்னாள். "அப்பா வர்றதுக்குள்ள நாங்க எடுத்து ஒளிச்சு வெச்சிடுவோம் அத்தை. நானும் அம்மாவும் எப்பவும் அப்படித்தான் பண்ணுவோம்."

அவன் சிரித்தான். நீயும் சிரித்தாய். நானும் சிரித்துத் தொலைத்தேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அந்தச் சிரிப்பை நினைத்து எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவன் கெட்டவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. அதற்காக, அந்த வீடு பொத்தானுக்குச் சரிப்படும் என்று எழுதவும் கை வரவில்லை. சரிப்படாது என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் காரணம் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

அவனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தவித்தேன். உன்னைச் சந்தேகப்படக் கூடாது, சிட்டு சொன்ன பதிலால்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் பழியை என்மேல் போட்டுக்கொண்டேன். நாயை விட்டுப் பிரிய மனசில்லை, நானே வைத்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் கத்தினான் பார், அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை. வார்த்தைகளை இங்கே எழுத மாட்டேன், உனக்கு அவை புதிதாகவும் இருக்காது. போனிலிருந்து வந்த சத்தத்துக்கே பொத்தான் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நான் இருப்பது வேறு ஊர், பக்கத்தில் என் வீட்டுக்காரர் நிற்கிறார், அப்படியும் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்த பிறகுதான், நீ எப்படி இருந்துகொண்டிருக்கிறாய் என்பது எனக்கு உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் அவனே மறுபடியும் கூப்பிட்டான். "கோவத்துல பேசிட்டேன்க்கா, மனசுல வெச்சுக்காத. லீவுக்குச் சிட்டுவயும் அவளயும் அனுப்பறேன், நாயோட விளையாடட்டும்" என்றான். குரல் தேனாக இருந்தது. எனக்கு உருகிவிட்டது, பாவம் என்றுகூடத் தோன்றியது. இந்தக் குரலை நம்பித்தானே நீயும் ஒவ்வொரு தடவையும் பொறுத்திருப்பாய். அன்று மாலை நான் கூப்பிட்டபோது நீ எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தாய், குரல் கம்மியிருந்தது, சளி என்றாய். என்மேல் இருந்த கோபம் உன்மேல் இறங்கியதா? நாய் வேண்டாம் என்று நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு நீ வாங்கிக் கட்டிக்கொண்டாயா? இதை நினைத்தால் ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பதில் எழுது என்றும் சொல்ல முடியாத நிலைமை.

பொத்தானை ஒரு தையல்காரத் தம்பதி கேட்கிறார்கள். பொத்தானுக்குத் தையல்கடையா என்று இவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நல்ல மனிதர்கள்தான், ஆனாலும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சிட்டு வரட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். அவள் இங்கே இருந்தால் அதுவும் இங்கேதான்.

மாடி அறையைக் காலி பண்ணிவிட்டோம். இவர் முதுகு வலியோடு மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அறைக் கதவின் உள்பக்கத்துக்குப் புதிதாகத் தடித்த தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்து போட்டிருக்கிறார். யாருக்கு என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. உன் அண்ணன் மாதிரி அவர், அதை மனசில் வைத்துக்கொள். பஸ் நிலையத்துக்கு அவரே வருவார்.

லீவுக்கு அனுப்புகிறேன் என்று அவன் தன் வாயால் சொல்லியிருக்கிறான். அந்த நல்ல மனசு மாறுவதற்குள் கிளம்பு. பின்னாலேயே அவன் வருவான், தெரியும். வாசலில் நான் நிற்பேன். அவன் என் தம்பி, அவனிடம் பேச வேண்டியது என் பாடு, அதற்காக நீ உள்ளேயிருந்து வெளியே வர வேண்டாம். தம்பி குடும்பத்தைப் பிரித்த நாத்தனார் என்று ஊர் பேசினால் பேசட்டும். இத்தனை நாள் எந்தப் பேச்சும் வாங்காமல் இருந்து நான் என்ன கண்டேன்?

பையில் மேலாக லீவுக்கு வேண்டிய துணிமணிகளை வை, சிட்டுவின் கலர் பென்சில்களை வை, அவன் திறந்து பார்த்தாலும் அதுதான் தெரிய வேண்டும். அடியில் அவளுடைய பிறப்புச் சான்றிதழையும், மதிப்பெண் அட்டையையும், உன் படிப்புச் சான்றிதழ்களையும் வைத்துக்கொள். பள்ளிக்கூடத்தில் இப்போது எதுவும் கேட்காதே, டி.சி.யை இங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம். சிட்டுவிடம் லீவு என்றே சொல்.

நீங்கள் இருவரும் அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். வேறெதையும் நான் இப்போது வேண்டிக்கொள்ளவில்லை. வந்துவிடு, அம்மா.

இப்படிக்கு,
உன் அண்ணி