திரையில் நின்றுபோன முகம்

நேற்று மாலை கூடத்தில் இருந்தவர்கள் நீ, நான், சின்னவன், அவன் மனைவி, அவளுடைய அப்பா. சம்பந்திக்குக் கல்யாணப் படங்களைக் காட்டப்போய், நம் பெரியவளின் முகத்தைத் திரை நிறையக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் நின்றுபோனது. மூடவும் முடியவில்லை, நகர்த்தவும் முடியவில்லை. எழுந்து போனால் மரியாதைக் குறைவு. உட்கார்ந்தால் அவள் என்னையே பார்க்கிறாள்.

"இது யாருங்க?" என்றார் சம்பந்தி.

"எங்க மூத்த பொண்ணு. இவரைக் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டா. அதான் இவரு இப்படி விறைச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று நீ போட்டு உடைத்தாய். அதைப் பற்றி இப்போது பேச விருப்பமில்லை.

கம்ப்யூட்டர் நின்றதற்குக் காரணம் தெரிந்துவிட்டது. இருக்கிற எல்லாப் படங்களிலும் அவள் முகத்தைத் தேடும்படி, முகங்களை அடையாளம் காணும் புரோகிராமை ஏவிவிட்டிருக்கிறாய். அது மெமரி முழுவதையும் விழுங்கி மூச்சுமுட்டி நின்றிருக்கிறது. தேடலை நான் நிறுத்தவில்லை. ஒரு வருடத்துப் படங்களை முடித்துவிட்டு அடுத்த வருடத்துக்குப் போகும்படி மாற்றியிருக்கிறேன். முடியும்வரை அணைக்காதே.

கூடுதல் மெமரி வாங்கக் கடைக்குப் போகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, ஆறுவதற்குள் சாப்பிடு. சாவி ஜன்னலோரம்.

மறந்துவிட்டேன், சம்பந்தி மத்தியானம் மறுபடி வருகிறாராம். வரட்டும். திரையை மறைக்காதே.

இன்னொன்று. நான் பெரியவளைத் தலைமுழுகிவிட்டதாகச் சின்னவன் அவரை வழியனுப்பும்போது சொன்னானாம். பொய். அவளோடு பேசுவதில்லை, அவ்வளவுதான்.