புறங்கால் உதை

அப்பா,

இன்று ஆட்டம் முடிந்து காரில் ஏறியதும் உங்கள் பேத்தி கணுக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டாள். கார் முழுக்க உங்கள் காலில் எப்போதும் அடிக்கும் அதே நெடி. ஃப்ரீவேயில் ஏறுவதற்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் போய் நான்கு வருடம் ஆகிறது, கோபம் மட்டும் கொஞ்சமும் ஆறவில்லை. உங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

கோயமுத்தூர் மில்லில் உங்களை எடுத்ததே காலுக்காகத்தான். வேலை பேருக்கு நூற்புப் பிரிவில், சம்பளம் கால்பந்துக்கு. பூட்ஸ் வாங்க வக்கில்லாத கூட்டம் நீங்கள். கணுக்காலில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஆடினீர்கள். "விரல்ல உதைச்சா விரலே போயிரும் கண்ணு, புறங்கால்ல அடிக்கோணும்" என்று அமெரிக்கா வந்திருந்தபோது எங்கள் இர்விங் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பேத்திக்குக் காட்டுவீர்கள். அவள் "ஓகே தாத்தா" என்றுவிட்டு இஷ்டத்துக்கு உதைப்பாள்.

ஈரப்புல்லில் வழுக்கிக் கால் ஒடிந்தது என்றுதான் எங்கள் எல்லோருக்கும் சொல்லியிருந்தீர்கள். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், மருந்து மயக்கத்தில்தான் உண்மை வந்தது. இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் பயிற்சியில், உங்கள் இடத்துக்குக் காத்திருந்த குமாஸ்தா மகன், டீமில் பூட்ஸ் வைத்திருந்த ஒரே ஆள், வேண்டுமென்றே ஏறி மிதித்தான். அவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். ஆடாத காலுக்கு மில் என்ன மரியாதை கொடுக்கும்? உங்களை பாய்லருக்குத் தள்ளியது. நீங்கள் நொண்டிக்கொண்டே கரி அள்ளியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவனோ அதே மில்லில் அதிகாரியாகி ஓய்வு பெற்றான்.

நீங்கள் போன அடுத்த வருடம் நம் தமிழ்ச் சங்கம் பிள்ளைகளுக்கு சாக்கர் போட்டி வைத்தது. மைக் என் கையில். பரிசு கொடுக்க வந்தவர் மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், பழைய மில் ஆட்டக்காரர் என்றார்கள். நீங்கள் ஆஸ்பத்திரியில் சொன்ன அதே பெயர். அவன் மைக்கை வாங்கி, அரையிறுதியில் வெறுங்காலால் கோல் போட்டு டீமைக் கரையேற்றியதே தான்தான் என்றான். அது நீங்கள் போட்ட கோல்.

"அங்கிள், அந்தக் கோலை எப்படிப் போட்டீங்கன்னு பசங்களுக்கு டெமோ பண்ணிக் காட்டுங்க. வெறுங்கால்லயே" என்றேன். பிள்ளைகள் "ஷோ அஸ் தாத்தா!" என்று கத்தினார்கள். அவனால் மறுக்க முடியவில்லை. நானே மண்டி போட்டு அவன் ஷூவைக் கழற்றினேன். ஆயுசு முழுக்க பூட்ஸில் ஆடியவன் எப்படி உதைப்பான் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கேட்டேன்.

விரல் நுனியால்தான் உதைத்தான். கட்டைவிரல் நகம் பெயர்ந்து புல்லெல்லாம் ரத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் மகன் ஐஸ் எடுக்க ஓடினான். நான் பேப்பர் டவலோடு குனிந்து, "புறங்கால்ல அடிச்சிருக்கணும் அங்கிள். எங்கப்பா அப்படித்தான் அடிச்சார்" என்று உங்கள் பெயரைச் சொன்னேன்.

வலியில் முனகிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். என் முகத்தையே பார்த்தான்.

"சொல்லிப்போட்டானா? என்ற வேலை போயிரும்னு அவன் காலப் புடிச்சு அழுதேன். செத்தாலும் சொல்லமாட்டேன்னு கையில அடிச்சுக் குடுத்தானே..."

எனக்கு அது தெரியாது, அப்பா. அறுபது வருடம் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நீங்கள் காப்பாற்றிய வாக்கு அது. 'அப்பா மயக்கத்தில் உளறினார் அங்கிள், தெரிந்து சொல்லவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் பெயர் நின்றிருக்கும். வாய் வரை வந்தது. சொன்னால் அவனுக்கு ஆறுதலாகிவிடுமே என்று விழுங்கிவிட்டேன்.

போன மாதம் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். நீங்கள் சொல் தவறினீர்கள் என்ற நினைப்போடுதான் போயிருப்பான். இனி அதைத் திருத்த முடியாது. அதற்காக உங்கள் காலில் விழுகிறேன். அந்த நகத்துக்காக இல்லை.