ஆறு கம்பி ஏணி

என் அப்பாவுக்கு,

இல்லப்பா, வலியெல்லாம் இல்லை. வலி போய் இரண்டு மாதமாகிறது. நீ இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாய். வலிக்காத கால்கூட வேலை செய்யாமல் இருக்கும் என்பது எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

நீ போனபிறகு நடந்தது இது. மே மாதம், மாஹிமில் ஒரு கபடிப் போட்டி. பாடி வந்தவளின் கணுக்காலைப் பிடித்துத் திரும்பினேன். உடம்பு திரும்பியது. வலது பாதம் திரும்பவில்லை. முட்டிக்குள் சுள்ளி ஒடிகிற மாதிரி சின்னச் சத்தம். பிடியை விடவில்லை. பாயிண்ட் எங்களுக்குத்தான்.

"ஜவ்வு கிழிஞ்சிட்டு" என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து முட்டிக்குள் புது ஜவ்வாகக் கட்டியிருக்கிறார்கள். ஒட்டி உறுதியாக ஒன்பது மாதமாவது வேண்டுமாம். ஐந்து முடிந்துவிட்டது. மார்ச்சில் ஒரு கம்பெனி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆட்டமும் வேலையும் சேர்ந்து கிடைக்கும். வயது வரம்புப்படி எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

வீடு நீ விட்டுப்போன மாதிரியேதான் இருக்கிறது. கீழே துணியில் ஜரிகை தைக்கும் ஜரி வேலைக்காரர்கள். மேலே நாங்கள் மூன்று பேர். நடுவில் உன் ஏணி.

அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

சந்து மூன்றடி அகலம். சரித்து வைக்க இடமில்லாமல், நீயே வெல்டிங் செய்து அதைக் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிறுத்தினாய். பக்கத்து வீட்டு ஏணியில் ஒன்பது கம்பி. நம்முடையதில் ஆறு. ஒவ்வொரு கம்பியும் உன் காலுக்கு எட்டுகிற தூரத்தில். வைத்த அன்றே அம்மா முனகினாள், எட்டவில்லை என்று. "ஏறிப் பழகினாச் சரியாப் போவும்" என்றாய். பழகினோம். இருபது வருடம் அது ஏணி என்பதே நினைவில் இல்லை.

இப்போது தம்பி எனக்கு முன்னால் இறங்கி, கீழிருந்து என் இடுப்பைத் தாங்கிக்கொள்கிறான். ஒன்பது மணிக்கு அவன் பை தைக்கும் பட்டறைக்குப் போய்விடுவான். அம்மா ஏழரைக்கே மாட்டுங்காவுக்குச் சமையல் வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். பிறகு இரவு எட்டுவரை பத்தடிக்கு ஒன்பதடி அறையில் நான். கட்டில், மிக்ஸி, புத்தகங்கள், நடுவில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பொதுக் கழிப்பறைக்கு இறங்க முடியாது. காலையில் அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. அம்மா வாளியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எம்.ஏ. இரண்டாம் வருடம், அப்பா. ஒரே பக்கத்தில் பத்து நாளாக நிற்கிறேன்.

வாரத்தில் மூன்று காலை, தம்பி இறக்கிவிட்டால், மாட்டுங்காவில் பிசியோதெரபிப் பயிற்சி. சொல்லித்தரும் ஷீத்தல் மேடம் மராட்டிக்காரி. என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். முதல் நாள் படிவத்தை நிரப்பிக்கொண்டே இந்தியில் கேட்டாள், வீட்டில் சீடி இருக்கிறதா என்று.

"கர் மே சீடி ஹை?"

"ஹை" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு சொல். இந்தியில் மாடிப்படியும் சீடிதான், ஏணியும் சீடிதான். அவள் தாதரில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் இருக்கிறாள். அவள் மனதில் இருந்தது கைப்பிடி வைத்த கல் படி. என் மனதில் இருந்தது நீ. இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசுவதாக நினைத்து நான்கு மாதம் ஓட்டிவிட்டோம்.

நான்கு மாதமும் எனக்குப் படியில் இறங்கக் கற்றுக்கொடுத்தாள். ஒரு மரப்பெட்டி. அதன்மேல் நின்று, முன்னால் பார்த்து, வலது காலை முதலில் கீழே வைக்க வேண்டும். ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது கெட்ட கால். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. கண் எதிரே இருக்க வேண்டும். நூறு தடவை, இருநூறு தடவை. நன்றாகவே செய்தேன். "வீட்ல சீடில தனியா எறங்க ஆரம்பி" என்று அவளே சொன்னாள். இந்தியில்தான் சொன்னாள். என் காதில் தமிழில், ஏணி என்று விழுந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. வீட்டில் யாரும் இல்லை. கற்றுக்கொடுத்தபடியே செய்தேன். ஏணிக்கு முதுகைக் காட்டி, சந்தைப் பார்த்து.

இதை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாயா, கத்தியிருப்பாயா?

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கம்பி இறங்கினேன். மூன்றாவதற்கு வலது காலை நீட்டினேன். அது காற்றில் நின்றது. இடது முட்டி மடங்கும் மட்டும் மடங்கிவிட்டது. கால் எட்டவில்லை. மேலே இழுக்கப் பார்த்தேன், வரவில்லை. திரும்பலாமென்றால் இரண்டு கையும் பின்னால் கம்பியைப் பிடித்திருந்தன. ஒன்றை விட்டால் விழுவேன். விழுந்தால் ஜவ்வு.

எதிர்வீட்டுப் பேச்சியக்கா துணி உதறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, ரோட்டப் பாத்து எறங்க இது என்ன ரயில் டேசன் படியா? திரும்புட்டி."

"திரும்ப முடியலக்கா."

"எதுக்கு அப்படி எறங்குன?"

"அப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

அவள் துணியை வாளியில் போட்டாள். ஜரிக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்களில் இரண்டு பேர், தாங்கள் வேலை செய்யும் பலகையைத் தூக்கி வந்து ஏணிக்குக் கீழே போட்டு, மேலே ஏறி நின்று என் பாதத்தைக் கையில் தாங்கி இறக்கினார்கள். அவர்களில் மூத்தவர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மரியாதைதான் என்னை அழ வைத்தது. கீழே வந்த பிறகும் பிரச்சினை தீரவில்லை. இப்போது ஏற முடியாது. தம்பி வரும்வரை பேச்சியக்கா வீட்டில், கால் நீட்டினால் வாசலைத் தாண்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை ஷீத்தல் மேடத்திடம் என் போனில் ஏணியின் படத்தைக் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். திரும்பவும் படத்தை.

"யே சீடி?" என்றாள், இதுவா சீடி என்று.

"யஹீ சீடி" என்றேன், இதேதான் என்று.

மன்னிப்புக் கேட்டாள். நானும் கேட்டேன். யார் தப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. என் தொடையை நாடாவால் அளந்தாள். வலது தொடை இன்னும் மெலிந்துதான் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் போதாது, தினமும் நடக்க வேண்டும், மைதானத்துக்குப் போக வேண்டும், இப்படியே போனால் மார்ச்சை மறந்துவிடு என்றாள். தினமும் இறங்கினால்தான் கால் தேறும். கால் தேறினால்தான் இறங்க முடியும். அவளும் அதையேதான் சொன்னாள். பிறகு சுவரில் ஏணி மாதிரி பதித்த உடற்பயிற்சிக் கம்பிகளில் என்னை ஏற்றினாள். முகம் கம்பியைப் பார்த்து, இறங்கும்போது வலது கால் முதலில். கம்பிகள் நெருக்கமாக இருந்தன. இறங்கினேன். அப்பா, தனியாக இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து ஏணியை அளந்தேன். இரண்டு கம்பிக்கு நடுவே ஒன்றரை அடிக்கு ஒரு விரல் குறைவு. அதில் பாதி, கிட்டத்தட்ட அந்த மரப்பெட்டியின் உயரம்.

இடையிடையே ஒரு கம்பி வைத்தால் போதும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

"அவரு கைபட்டது இந்த வீட்ல அது ஒண்ணுதான் இருக்கு. அதுல இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது."

"நீயும் முனகுனல்லாம்மா."

"முனகுனேன். ஏறுனேன்ல?"

"அது அப்பா காலு அளவும்மா. எனக்கு எட்டல."

அவள் கழுநீரை வடித்தாள். தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் குரல் உயர்ந்துவிட்டதை அப்புறம்தான் கவனித்தேன்.

உன்மேல் கோபம்தான். மறைக்கவில்லை. உல்லாஸ்நகரில் ஒரு கூரை வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், பிறகு எழுந்திருக்கவில்லை. செத்துப்போனவரின் கால் அளவில் மற்றவர்கள் எத்தனை நாள் ஏறி இறங்க வேண்டும்? அம்மாவால் முடிகிறது. அவள் ஒவ்வொரு கம்பியிலும் உன்னைத் தொடுகிறாள் போலிருக்கிறது. எனக்கு அது வெறும் தூரம். இதை உன்னிடம் தவிர யாரிடம் சொல்வது?

"அப்பா இருந்தாத் தூக்கிட்டுப் போயிருப்பாரு" என்றும் அம்மா சொன்னாள். தூக்கியிருப்பாய், தெரியும். ஐந்து மாதமாக எல்லாரும் தூக்குகிறார்கள், அப்பா.

இன்று காலை அம்மா கிளம்பும்போது உச்சிக் கம்பியில் கால் வைத்து நின்றாள். உள்ளே பார்க்காமல், வெளியே பார்த்துச் சொன்னாள்.

"அவரு வச்ச கம்பியில வெல்டிங் நெருப்பு படக் கூடாது. ரெண்டு பக்கமும் நிக்கிற குத்துக் கம்பியில மட்டும் பத்தவைக்கச் சொல்லு."

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

உனக்கு என் வாக்கு: உன் ஆறும் உன் ஆறாகவே இருக்கும். ஒன்றையும் அறுக்க விடமாட்டேன், நகர்த்த விடமாட்டேன். பொறி பறந்து விழாமல் ஈரச் சாக்கைச் சுற்றி நானே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆனால் தரையிலிருந்து மேல்வரை இடையிடையே ஏழு புதுக் கம்பி வரும். அவை என் கால் அளவில் இருக்கும். மார்ச்சில் என்னை எடுப்பார்களா என்று தெரியாது. எடுக்காவிட்டாலும் மைதானத்துக்கு நானேதான் போவேன், நானேதான் வருவேன்.

இதுவரை எழுதிவிட்டு, உன்னோடு வெல்டிங் வேலை செய்த சுடலைச் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். ஏழு கம்பிக்கும் நீளம் சொன்னேன். அம்மா சொன்னதையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக அவர் சொன்னார்.

உன் மகள்,
இசக்கி